ஐந்தே முக்கால் மணி வகுப்பு

நான் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பைப் படித்தது இருபத்தெட்டு வயதில். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டை முன்சீப் கோர்ட்டில் நகல் எழுத்தராக இருந்தேன். தீர்ப்பையோ பத்திரத்தையோ ஒரு எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதி, அடியில் 'உண்மை நகல்' என்று போட்டு, அதிகாரியின் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. வீடு ஆலங்குடியில். காலையில் எட்டரை மணி பஸ், சாயங்காலம் கோர்ட்டு விட்டதும் கிடைக்கிற பஸ். இப்படித்தான் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

படிக்கலாம் என்ற எண்ணமே எனக்கு இருக்கவில்லை. அதை உண்டாக்கியவர் அந்த எட்டரை மணி பஸ்ஸின் கண்டக்டர். கீரமங்கலத்துப் பக்கத்து ஆள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். எனக்கென்று முன்சீட்டில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருப்பார். பஸ் புறப்பட்டு, டிக்கெட் போட்டு முடித்து, ஒரு கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு அன்றைய பேப்பரைப் பற்றிப் பேசுவார். எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தவர். ஏன் மேலே படிக்கவில்லை என்று ஒருதரம் கேட்டேன். "அந்த வருஷம் மழை இல்ல" என்றார். 

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். டிக்கெட் கட்டைக்கு அடியில் செருகி வைத்திருந்த ஒரு துண்டுத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். பேப்பரிலிருந்து கத்தரித்தது. வேலை பார்ப்பவர்களுக்காகப் புதுக்கோட்டைக் கல்லூரியில் மாலை நேரத்தில் பி.யு.சி. வகுப்பு தொடங்கப் போவதாகவும், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் போட்டிருந்தது.

"நான் சேரப் போறேன், தம்பி. நீங்களும் சேருங்க. கோர்ட்டுல காலம்பூரா காப்பி எழுதியே கழிச்சிரப் போறீங்களா?"

"இந்த வயசுல எதுக்குண்ணே ஒங்களுக்கு?"

"காலேஜ் வாசல்ல வண்டிய நிறுத்தி எத்தனை ஆயிரம் பேர எறக்கி விட்டிருக்கேன். நானும் ஒரு நாளு அங்கிட்டு எறங்கிப் பாக்க வேணாமா?"

இரண்டு பேரும் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டோம். அவருடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். பஸ்ஸில் எழுதி எழுதி அவர் கையெழுத்து ஆடிப்போய்விட்டது என்று சொல்வார்.

மொத்தம் இருபத்து நான்கு பேர் சேர்ந்தோம். முதல் சனிக்கிழமை கல்லூரி முதல்வர் எங்கள் எல்லோரையும் வரச்சொன்னார். கண்டக்டருக்கு அன்று டூட்டி, வர முடியவில்லை. முதல்வர் அதிகம் பேசுகிறவர் அல்ல. கையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

"பகல் வகுப்புக்கு மணி அடிக்கிறது நாங்க. மாணவர்கள் அதுக்குத் தகுந்தபடி வரணும். இந்த வகுப்பு அப்படி இல்ல. வேலைய விட்டுட்டு வர முடியாதவங்களுக்குத்தான் இதைத் தொடங்கியிருக்கோம். அதனால நேரத்தை நீங்க சொல்லுங்க, நான் மணி அடிக்கச் சொல்றேன். ஐந்தே முக்காலுக்கும் வைக்கலாம், ஆறே முக்காலுக்கும் வைக்கலாம். யாராவது ஒருத்தருக்கு ஐந்தே முக்கால் முடியாதுன்னாலும் ஆறே முக்கால்தான். உண்மையா எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுக்கிற வேலையை என்னிடம் ஒப்படைத்தார். கோர்ட்டு ஆள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னதால் நானே வகுப்புப் பிரதிநிதியாகவும் ஆனேன். ஒரு முழுத்தாளைக் கொடுத்தார். பெயர், பார்க்கும் வேலை, வேலை முடியும் நேரம், வகுப்புக்கு வந்து சேரக்கூடிய நேரம் என்று நான்கு பத்திகள் போட்டு, திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்.

வராதவர்களை அன்றைக்கே தேடிப்போய்க் கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் மருந்து கலக்கிக்கொண்டே "எந்த நேரமானாலும் சரிங்க" என்றார். தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிற ஒருவரும் அதையே சொன்னார். ஜெயில் வார்டர் ஒருவர் இருந்தார். "உள்ள இருக்கிறவனுக்கெல்லாம் நேரம் கொட்டிக் கெடக்கு. எனக்குத்தான் இல்ல. சமாளிச்சுக்கிறேன், எழுதிக்கங்க" என்று சிரித்தார். மின்சார ஆபீஸ்காரர்கள், ஆரம்பப் பள்ளி வாத்தியார்கள் எல்லோருக்கும் இரண்டு நேரமும் ஒத்துவந்தது. ஒத்துவராதவர்கள் இரண்டே பேர். கண்டக்டருக்கு ஐந்தே முக்கால் முடியாது. எனக்கு ஆறே முக்கால் முடியாது.

முடியாது என்று நான் சொல்லிக்கொண்டேன். ஆலங்குடிக்குக் கடைசி பஸ் எட்டு முப்பத்தைந்துக்கு. ஐந்தே முக்கால் வகுப்பு எட்டேகாலுக்கு முடிந்தால் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். ஆறே முக்கால் வகுப்பு முடிய ஒன்பதேகால் ஆகும். பிறகு பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதிக்க வேண்டும், இல்லையென்றால் யார் அறையிலாவது தங்க வேண்டும். என் மனைவி அப்போது ஏழு மாதம். ஆனால் மாமியார் வந்து வீட்டோடு இருந்தார் என்பதையும் நான் சொல்ல வேண்டும்.

கோர்ட்டு இல்லாவிட்டாலும் இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரிடம் கேட்டேன். அவர் கணக்காகச் சொன்னார்.

"கீரமங்கலத்துலேர்ந்து சாயங்கால ட்ரிப் எடுத்துட்டு வந்து ஆறேகாலுக்கு ஸ்டாண்டுக்கு வந்து சேருவேன். பையையும் ட்ரிப் ஷீட்டையும் ஆபீசுல ஒப்படைக்க இருபது நிமிஷம். அங்கேருந்து சைக்கிள்ல பத்து நிமிஷம். ஆறே முக்காலுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிகூட முடியாது, தம்பி."

"மொதலாளிகிட்ட கேட்டா வேற டூட்டி தரமாட்டாரா?"

"கேட்டுப் பாக்குறேன். ஆனா அத நம்பி எழுதிறாதீங்க."

இந்தக் கடைசி வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து, குறிப்பெடுத்த தாளைப் பார்த்து முழுத்தாளில் நகல் எழுதினேன். இருபத்து மூன்று பேரையும் உள்ளபடி எழுதினேன். கண்டக்டரின் வரிசைக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, வேலை முடியும் நேரம் என்ற பத்தியில் 'ஐந்து மணி' என்றும், பக்கத்தில் சிறிய எழுத்தில் 'டூட்டி மாற்றித்தர முதலாளி ஒப்புக்கொண்டுள்ளார்' என்றும் எழுதினேன். எழுதும்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்றாரே, கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்தால் இது உண்மையாகிவிடும் என்று மனசு வேகவேகமாகப் படிக்கட்டுக் கட்டிக்கொடுத்தது. மை காய்ந்ததும் குறிப்பெடுத்த தாளை அடுப்பில் போட்டேன். அதைப் போட வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

முதல்வர் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "நல்லது" என்று ஐந்தே முக்காலுக்கே மணி அடிக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம், எல்லோரும் ஐந்தே முக்கால்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டதாகவும், முதல்வர் அதையே முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னேன். அவர் டிக்கெட் கட்டையை விரலால் தட்டிக்கொண்டு நின்றார். முதலாளி முதல் நாள் சாயங்காலமே முடியாது என்று சொல்லியிருந்தாராம்.

"பரவால்ல தம்பி. ஒரு ஆளுக்காக இருபத்து மூணு பேரு காத்துக்கெடக்க முடியுமா? மொத பாடம்தானே போகும். மத்த ரெண்டுக்கும் வந்துர்றேன்."

முதல் பாடம் ஆங்கிலம். அதற்கென்று தனியாக ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வந்திருந்தால்தான் பரீட்சை எழுத முடியும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேருமே அப்போது பேசவில்லை.

இரண்டாவது பாடம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகும்போது காக்கி உடுப்போடு, சட்டையெல்லாம் டீசலும் வேர்வையுமாக வாசலில் வந்து நிற்பார். சரித்திர ஆசிரியர் தலையை அசைப்பார். பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பென்சிலைத் தேடுவார். அவருக்காக ஆங்கிலப் பாடக் குறிப்பை நான் இரண்டாவது தரம் தெளிவாக எழுதி, மறுநாள் காலை பஸ்ஸில் கொடுப்பேன். அவர் அதை டிக்கெட் கட்டையில் செருகிக்கொண்டு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் இரண்டிரண்டு வரியாகப் படிப்பார்.

"நீங்க இல்லேன்னா நான் அவ்வளவுதான், தம்பி" என்று ஒருநாள் சொன்னார். பஸ்ஸில் நாலு பேர் கேட்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐப்பசியில் அந்தக் காரியம் நடந்தது. கீரமங்கலத்திலிருந்து வரும் சாயங்கால ட்ரிப்பில் பூக்காரிகள் கூடையோடு ஏறுவார்கள். கூடைகளைக் கூரையில் ஏற்றிக் கட்ட ஐந்தாறு நிமிஷமாகும். ஆங்கிலத்தில் வருகை குறைந்துகொண்டே போகிறது, இரண்டாவது பாடத்திலும் தினம் பத்து நிமிஷம் போகிறது என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. பஸ் ஆபீசில் கெஞ்சிப் பையை ஒப்படைக்கிற நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தார். இன்னும் கால் மணி நேரம் முன்னால் வந்துவிட்டால் ஆங்கில ஆசிரியர் பாடத்தின் கடைசியிலாவது சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம். அன்றைக்கு ஒரு நிறுத்தத்தில் இரண்டு பூக்காரிகள் ஆறு கூடையோடு நின்றார்கள். அவர் விசிலை இரண்டு தரம் ஊதி "ரைட்" என்று சொல்லிவிட்டார். பஸ் நிற்காமல் வந்துவிட்டது. அன்றைய பூ அப்படியே வாடிப்போயிற்று. மறுநாள் காலை அந்தப் பெண்கள் இரண்டு பேரும் வாடிய பூவை முந்தானையில் கட்டிக்கொண்டு முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

பதினைந்து வருஷ வேலையில் நிறுத்தத்தில் நிற்கும் ஆளை விட்டுவிட்டு வந்தவர் அல்ல அவர். முதலாளி அவரை இரண்டு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்.

அந்த இரண்டு வாரமும் அவர் ஐந்து மணிக்கே கல்லூரிக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. முதல் பெஞ்சில், ஆசிரியருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஆங்கில ஆசிரியர் அவரைப் பாடம் வாசிக்கச் சொன்னார். தினமும் பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய குரல், கணீரென்று கடைசி பெஞ்சுவரை போயிற்று. வாசித்து முடித்ததும் ஆசிரியர், "இவ்வளவு நாள் இந்தக் குரலை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

இடைவேளையில் குழாயடியில் நின்றபோது சொன்னார்: "ரெண்டு வாரச் சம்பளம் போனது கஷ்டமாத்தான் இருக்கு. அந்தப் பொம்பளைக மொகத்த நெனைச்சா அதவிடக் கஷ்டமா இருக்கு. ஆனா மொத மணியிலேர்ந்து உக்காந்து படிக்கிறது இருக்கே, அது தனிதான் தம்பி."

அப்போது சொல்லியிருக்கலாம். வருஷத்தில் பாதிகூட முடியவில்லை. முதல்வரிடம் போய் நான் தப்பாக எழுதிவிட்டேன் என்றால் மறுநாளே நேரம் மாறியிருக்கும். எனக்குப் பெண் குழந்தை பிறந்து மாதம் ஒன்று ஆகியிருந்தது. குழந்தை தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று, சொல்லாமல் இருப்பதற்கு ஒரு புதுக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் முடிந்ததும் அவர் பழையபடி காக்கி உடுப்போடு பின் பெஞ்சுக்குப் போனார்.

மாசி மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் வருகை குறைந்தவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். மாலை வகுப்பில் ஒரே ஒரு பெயர். மற்ற பாடங்களில் எல்லாம் சரியாக இருந்தது. ஆங்கிலத்தில் எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் எட்டாத அளவுக்குக் குறைந்திருந்தது.

அவர் முதல்வரைப் பார்க்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார். "நீங்க வகுப்புப் பிரதிநிதி. ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்க" என்றார். போனேன்.

முதல்வர் அவரை உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே பேசினார். பஸ் வருகிற நேரத்தையும், பை ஒப்படைக்கிற நேரத்தையும், சைக்கிளில் வருகிற நேரத்தையும் என்னிடம் சொன்ன அதே கணக்கில் சொன்னார். முதல்வர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, என் முழுத்தாளை வெளியே எடுத்தார்.

"ஒங்களுக்கு ஐந்து மணிக்கே வேலை முடியும்னு இதில இருக்கே. டூட்டி மாத்திக் கொடுக்க முதலாளி ஒத்துக்கிட்டதாவும் போட்டிருக்கு. ஒங்க நேரம் ஆறே முக்கால்னு எழுதியிருந்தா நான் வகுப்பையே மாத்தியிருப்பேனே. மத்த யாருக்கும் அதில சிரமம் இருந்திருக்காதே."

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கண்டக்டர் குனிந்து பார்த்தார். ஒன்பது மாதமாகத் தினமும் அவர் கையில் நான் கொடுத்த குறிப்புகளின் எழுத்து அது. அவருக்கு அது யாருடைய கை என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். 'நான்தான் சார்' என்கிற இரண்டே வார்த்தை. அதைச் சொல்லப் போகிறேன், இதோ சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அவர் நிமிர்ந்து முதல்வரைப் பார்த்தார்.

"ஆமா சார். மாத்தித் தாரேன்னுதான் சொன்னாங்க. அப்பறம் நடக்கல. நான் வந்து ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றார் முதல்வர் வருத்தத்தோடு. "கல்லூரி பக்கம் தப்பு இருந்தா பல்கலைக்கழகத்துக்கு எழுதி ஏதாவது கேட்டுப் பார்க்கலாம். இதை வச்சுக்கிட்டு நான் என்ன எழுத?"

வெளியே வந்தோம். வராந்தாவின் கோடிவரை நடந்தோம். அவர் சைக்கிள் பூட்டைத் திறந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒங்க பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு சார். கிளம்புங்க" என்றார்.

தம்பி என்று கூப்பிடுகிறவர் சார் என்று சொன்னது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை.

நான் பரீட்சை எழுதினேன். எழுதப் போன நாட்களில் எட்டரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு முந்தின பஸ்ஸில் போனேன். தேறியும்விட்டேன். ஆங்கிலத்தில் நல்ல மார்க். குறிப்புகளை இரண்டிரண்டு தரம் எழுதியதால் எல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது. கோர்ட்டில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் மனைவி கேட்டாள்.

"அந்த கண்டக்டர் அண்ணன் பாஸாயிட்டாங்களா?"

அவளிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது, நீ ஏழு மாதமாக இருந்தாய், அதனால்தான் என்று இரண்டு மூன்று இடத்தில் சொல்லிவிட்டேன். அவள் மடியில் கிடந்த குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க ஆத்தா கூட இருந்துச்சு. நீங்க வாரத்துல அஞ்சு நாளு தங்கி வந்திருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்காமலே என் பேரச் சொல்லி இதைச் செஞ்சிருக்கீங்க."

அவள் சொன்னது அவ்வளவும் உண்மை. சூடான சோறும், சொந்தப் பாயும், சைக்கிள் மிதிக்காத காலும்தான் எனக்கு வேண்டியிருந்தன. அதற்கு அவளைக் காரணமாக்கிக்கொண்டேன்.

ஆனி மாதம் கல்லூரி திறந்த முதல் வாரத்தில் முதல்வரைப் போய்ப் பார்த்தேன். நின்றபடியே சொன்னேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் சொன்னார்:

"கடைசி பஸ் போயிடும்னு என்கிட்ட வந்து சொல்லியிருந்தா, விடுதியில ஒரு அறை கொடுத்திருப்பேன். போன வருஷம் பூரா ரெண்டு அறை காலியாத்தான் கிடந்தது."

பிறகு, "அந்த மனுஷன் ஒங்களைக் காப்பாத்திட்டுப் போயிருக்கார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அந்த வருஷத்து மாலை வகுப்பை ஆறே முக்காலுக்கு மாற்றி அன்றைக்கே உத்தரவு போட்டார். கண்டக்டருக்கு மறுபடி இடம் உண்டு, கட்டணம் இல்லை, நீங்களே போய் அழைத்து வாருங்கள் என்று என்னை அனுப்பினார்.

எட்டரை மணி பஸ்ஸில் வேறு கண்டக்டர் இருந்தார். டிரைவர் பழைய ஆள்தான். அவரிடம் விசாரித்தேன்.

"அவரா? திருச்சி லைனுக்குப் போயிட்டாரு. ராத்தங்கல் அங்கிட்டுத்தான். மொதலாளிகிட்ட அவராக் கேட்டு வாங்கிக்கிட்டாரு."

திருச்சியில் இரவு தங்குகிறவருக்கு எந்த மாலை வகுப்பும் ஒத்துவராது. இரவு தங்குவதற்குப் படிக்காசு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகப் போனாரா, என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று போனாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முதல்வருக்கு அதைச் சொல்லி அனுப்பினேன். நேரில் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆறே முக்கால் வகுப்பு நன்றாக நடந்தது. மில் வேலைக்காரர்கள், கடைக் கணக்கர்கள், சாயங்கால ட்ரிப் முடித்த இரண்டு டிரைவர்கள்கூடச் சேர்ந்தார்கள். நேரத்தை மாற்ற வைத்தது நான்தான் என்று ஊரில் பேச்சுப் பரவிவிட்டது. போன வருஷத்து வகுப்புப் பிரதிநிதி முதல்வரிடம் வாதாடி வாங்கிக் கொடுத்தார் என்று சொன்னார்கள். அடுத்த ஆண்டு மாலை வகுப்பின் ஆண்டு விழாவில் என்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். எங்களோடு படித்த கம்பவுண்டர்தான் பேசினார். உழைக்கிறவனின் நேரத்தை உழைக்கிறவனுக்குத்தான் தெரியும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முதல்வர் மேடையில் இருந்தார். அவர் கைதட்டவும் இல்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி மூன்றாவது தடவையாகப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்கு அப்புறமும் ஒரு வருஷத்துக்குமேல் கழித்துத்தான் அவரைப் பார்த்தேன். தற்செயலாக இல்லை. அவருடைய பஸ் எது, எத்தனை மணிக்குப் புறப்படும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை புதுக்கோட்டை ஸ்டாண்டில் போய் ஏறினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "வாங்க சார்" என்று முன்சீட்டைக் காட்டினார். "எங்க போறீங்க?" என்றார். திருச்சி என்றேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

பஸ் ஊரைத் தாண்டியதும் சொல்லத் தொடங்கினேன். அவர் எழுதிறாதீங்க என்று சொன்ன பிறகும் எழுதியது, குறிப்புத்தாளை அடுப்பில் போட்டது, எல்லாம். நடுவே ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவர் பின்னால் போய் டிக்கெட் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். நார்த்தாமலைப் பாறைகள் பின்னால் போகும்போது சொல்லி முடித்தேன். மன்னிச்சிருங்கண்ணே என்றேன்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"எழுதினது பெருசில்ல சார். கடைசி பஸ் போயிரும்னு என்கிட்டச் சொல்லியிருந்தா நானே நேரத்த விட்டுக் குடுத்திருப்பேன். அன்னைக்கு பிரின்சிபால் ரூம்புல அந்தத் தாளைப் பாத்துக்கிட்டே நின்னேன்ல? படிக்கிறதுக்கு அவ்வளவு நேரம் எதுக்கு? ரெண்டு வரிதான். நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்."

கீரனூரில் நிறையப் பேர் ஏறினார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் பேச நேரமில்லை. திருச்சியில் இறங்கும்போது, வயதான ஒருவரின் மூட்டையைக் கூரையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். நான் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். "சரி சார், பாத்துப் போங்க" என்று மேலேயிருந்தே சொன்னார்.

திருச்சியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு கடையில் டீ குடித்துவிட்டு வேறு கம்பெனி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். என்ன சொன்னார் என்று மனைவி கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் எழுந்து எனக்குச் சோறு போட்டாள்.